தைத்து வந்த உள் அட்டைகளைத் திரும்பப் பூட்டுவது: எம்ஜிபி ரோட்ஸ்டர், மலைநாட்டு ஈரம்

கொட்டகலை_71

வணக்கம். வண்டி 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், துணிக் கூரை போட்ட பழைய இங்கிலாந்துக் கார். டின்கரிங், பெயின்ட் இரண்டும் முடிந்துவிட்டன. உள்ளே இப்போது வெறும் தகரம்தான்.

குஷன் வேலை முடிந்து வந்திருப்பவை: கதவு அட்டை இரண்டு (புது ஹார்ட்போர்ட், கறுப்பு ரெக்ஸின்), கால் வைக்கும் இடத்துப் பக்க அட்டை இரண்டு, கதவுக்குப் பின்னால் வரும் அட்டை இரண்டு, பின்சக்கர வளைவை மூடும் துணி, சீட் உறை இரண்டு சோடி, வெட்டித் தைத்த காபட் ஒரு செட். கதவு ஓரத்து இறப்பர் பட்டியும் புதிது.

கேட்க வேண்டியவை நான்கு. எதை முதலில் பூட்டுவது? காபட்டுக்கு அடியில் பழையபடி சணல் ஃபெல்ட் போடலாமா? இங்கே காலையும் மாலையும் மூடுபனி, எந்த கம் பிடிக்கும்? கதவு அட்டையின் கிளிப் சில இடங்களில் ஓட்டைக்கு நேராக வரவில்லை, ஓட்டையைப் பெருப்பிக்கலாமா?

---

பண்டாரவளை_குஷன்

தம்பி, ஒரு அட்டையையும் இன்னும் கையில் எடுக்க வேண்டாம். வண்டி வெறும் தகரமாக நிற்கிற இந்த நாள் திரும்பக் கிடைக்காது. அட்டை ஏறியபிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற வேலை. நம் பக்கத்தில் உள் வேலை கெடுவது வெயிலால் இல்லை. மேலே ரெக்ஸின் புதிது மாதிரியே இருக்கும், பின்னால் ஹார்ட்போர்ட் பிஸ்கட் மாதிரி ஊறிப் போயிருக்கும்.

முதல் வேலை தண்ணீர்ச் சோதனை. தரை முழுக்கப் பத்திரிகைத் தாள் விரியுங்கள். ஹூட்டை (துணிக் கூரையை) மூடி, கண்ணாடிகளை ஏற்றி, ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு கதவின் ஓரம், பிறகு முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி, கடைசியாக ஹூட் விளிம்பு. ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், ஓட்டை எது, வழிந்தது எது என்று பிரிக்க முடியாது.

இரண்டாவது, முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுச் சல்லடை. அதற்குள் விழுகிற மழை ஒரு குழாய் வழியாக கியர்பொக்ஸ் பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். டர்பன்டைன் இலையும் பைனஸ் ஊசியும் மண்ணோடு சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் பெட்டி நிரம்பி, தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்கு வரும். மரத்துக்கு அடியில் நிறுத்துகிற வண்டிக்கு இது கட்டாயம் வரும். சல்லடை வழியாக ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு வண்டிக்கு அடியில் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். கம்பியை மேலிருந்து குத்தி இறக்காதீர்கள், பழைய இறப்பர் கிழிந்துவிடும்.

மூன்றாவது, கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை. கண்ணாடியோடு வழிந்து இறங்கி, அடியிலுள்ள ஓட்டைகளால் வெளியே போகட்டும் என்றுதான் கதவைச் செய்திருக்கிறார்கள். கோளாறு இரண்டே வகை: அடி ஓட்டை அடைபடுவது, அல்லது அட்டைக்கும் கதவுத் தகரத்துக்கும் இடையில் பொலித்தீன் இல்லாமல் போவது. புதிதாகப் பெயின்ட் அடித்த கதவில் பெயின்டும் புட்டியுமே அடி ஓட்டையை மூடியிருக்கும். ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள்.

பொலித்தீன் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அதிகம் பிழைப்பது இதில்தான். தடித்த பொலித்தீனை அட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் குறைவாக வெட்டுங்கள். மேல் விளிம்பிலும் இரு பக்கத்திலும் பியூட்டைல் பட்டி (பசை மாதிரி ஒட்டும் இறப்பர் நாடா) வைத்துத் தகரத்தில் ஒட்டுங்கள். சிலிக்கோன் வேண்டாம். அசிட்டிக் வகை சிலிக்கோன் காயும்போது விடுகிற அமிலம் தகரத்தை அரிக்கும், அடுத்த முறை கழற்றவும் வராது. கீழ் விளிம்பை அட்டைப் பக்கம் விடக்கூடாது. கதவின் உள் தகரத்தில் உள்ள பெரிய திறப்பின் அடி ஓரத்தைத் தாண்டி, கதவுக்குள் செருகிவிட வேண்டும். பொலித்தீனில் இறங்குகிற துளி கதவுக்குள் விழ வேண்டும், அட்டையின் அடியில் விழக்கூடாது. கைபிடித் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஓட்டை போடாமல் சின்னதாகக் கீறுங்கள்.

உங்கள் நான்காவது கேள்விக்கு: ஹார்ட்போர்ட் ஓட்டையைப் பெருப்பிக்கவே கூடாது. கிளிப் அதற்குள் அசையத் தொடங்கினால் ஆறு மாதத்தில் ஓரம் உதிரும். மீதியைக் கம் பற்றிய பதில் வந்தபின் எழுதுகிறேன்.

---

நானுஓயா_பனி

கம் விஷயத்தை நான் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவு. கொட்டகலை அதைவிடத் தாழ்வு, ஆனால் மூடுபனிக்குக் குறைவில்லை. இரு பக்கமும் பூசி ஒட்டுகிற கொன்டக்ட் கம்முக்கு இந்த இரண்டும் சத்துரு.

காரணம் இது. கம்மில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் பறக்கும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். தொட்டுப் பார்த்தால் கை ஒட்டாது, காய்ந்தது என்று நினைத்து ஒட்டுவோம். உண்மையில் இரண்டு கம் படலத்துக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. சாய்வெளிச்சத்தில் பாருங்கள்: நன்றாகக் காய்ந்த கம் மஞ்சள் கண்ணாடி மாதிரி மினுங்கும், பனி படிந்தது பால் தெளித்த மாதிரி மங்கலாக இருக்கும். மங்கலைக் கண்டால் ஒட்டாதீர்கள். ஹெயார் டிரையரால் மங்கல் போகும்வரை சூடாக்கி, மெல்லிதாக இன்னொரு பூச்சுப் பூசி, மறுபடி காயவிட்டு ஒட்டுங்கள்.

அதனால் வேலை நேரம் காலை பத்தரை முதல் பின்னேரம் இரண்டரை வரை. அதற்கு முன்னால் தகரமே குளிர்ந்து வியர்த்திருக்கும். கையின் புறப்பக்கத்தை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் முதலில் தகரத்தைச் சூடாக்க வேண்டும். கராஜைச் சூடாக்கக் கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, காஸ் ஹீட்டர் எதுவும் கூடாது. எரியும்போது அவையே காற்றில் ஈரத்தைச் சேர்க்கும். கம் ஆவி தீப்பிடிக்கும். மூடிய இடத்தில் கரிப்புகை ஆளைக் கொல்லும். மின் ஹீட்டரை வைத்து முன்கூட்டியே இடத்தைச் சூடாக்கி, அதை அணைத்து, கதவைத் திறந்துவிட்ட பிறகே கம் டின்னைத் திறக்க வேண்டும். பெற்றரி கழன்றிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எம்ஜிபியில் அது சீட்டுக்குப் பின்னால், நீங்கள் கம் பூசப் போகிற இடத்துக்கே அடியில் இருக்கிறது. 1971 வண்டி நெகட்டிவ் எர்த், அதாவது மைனஸ் வயர் பொடியில் இருக்கும், ஆகவே மைனஸ் வயரை முதலில் எடுங்கள். 1967 கடைசிக்கு முந்தைய எம்ஜிபி பொசிட்டிவ் எர்த். அதில் பிளஸ் வயர்தான் பொடியில் இருக்கும், அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

என்ன கம் என்பதில் இரண்டு விஷயம். காபட்டைத் தகரத்தில் ஒட்ட, தூரிகையால் பூசுகிற, சூடு தாங்கும் நியோபிரீன் கம் போதும். ரெக்ஸினை ஒட்ட அது சரிவராது. ரெக்ஸினை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பொருள் மெதுவாகக் கசிந்து நியோபிரீனை இளக்கிவிடும். ஒரு வருடம் கழித்து ஓரத்தைத் தூக்கினால் கம் சுவிங்கம் மாதிரி நூலாக வருவது இதனால்தான். ரெக்ஸினுக்கு நைட்ரைல் அல்லது பொலியூரத்தேன் கம் என்று கேட்டு வாங்குங்கள். டின்னின் லேபலில் மென்மையான பீவீசிக்கு உகந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

அளவு: காபட், பக்க அட்டைகள், சக்கர வளைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு முதல் இரண்டரை லீற்றர். ஐந்து லீற்றர் டின் வாங்கினால் திறந்த பிறகு இறுகிப் போய்விடும்.

கைத்தெளிப்பு கேன்களை நம்ப வேண்டாம். இங்கே குளிரில் பிடித்த மாதிரி நிற்கும். வண்டி கொழும்புக்கு இறங்கி ஒரு மத்தியானம் வெயிலில் நின்றால் உள்ளே சூடு 60 பாகையைத் தொடும், சக்கர வளைவுத் துணி அப்படியே தொங்கிவிடும். மலையில் இருக்கிற வண்டிக்கு இரண்டையும் தாங்குகிற கம் வேண்டும்.

---

கொட்டகலை_71

இருவருக்கும் நன்றி. சோதனை செய்து பார்த்தேன். சல்லடைத் தண்ணீர் சொட்டாகத்தான் இறங்கியது, குழாயைக் கழற்றினால் ஒரு கைப்பிடி மண். கழுவியபின் உடனே வருகிறது. கதவின் அடி ஓட்டைகளில் பாதி பெயின்டால் மூடியிருந்தது. முன்கண்ணாடிச் சட்டத்தின் இடது மூலையில் ஒரு சின்னக் கசிவு, புது இறப்பருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிளிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஒரு கதவில் நான்கு கிளிப் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் விலகி நிற்கின்றன.

---

கண்டி_ஸ்பிட்ஃபயர்

அண்ணே, கிளிப் விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ரெக்ஸின்தான். பழைய அட்டையை அச்சாக வைத்து ஓட்டை வெட்டியிருப்பார்கள், அது சரியாகவே இருக்கும். ஆனால் ரெக்ஸினை விளிம்பில் மடித்து ஒட்டும்போது அட்டையின் ஓரம் தடித்துவிடும். மேல் விளிம்பில் மடிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தால் அட்டை முழுதும் கீழே தள்ளப்படும். பின்பக்கம் திருப்பி மூலைகளைப் பாருங்கள். மடிப்பு குவிந்த இடத்தில் ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்து, தட்டையாக ஒட்டினாலே இரண்டு மில்லிமீற்றர் திரும்பக் கிடைக்கும்.

அதற்குப் பிறகும் விலகினால், இரும்பு கிளிப் அதன் சாவித்துவார வடிவ ஓட்டைக்குள் கொஞ்சம் நகரும். எல்லாவற்றையும் கையால் நேராக்கிவிட்டு ஒருமுறை அட்டையை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே பக்கம் விலகுகின்றனவா, ஆளுக்கொரு பக்கம் விலகுகின்றனவா என்பது முக்கியம். ஒரே பக்கம் என்றால் அட்டை தவறாக உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் என்றால் ஓட்டை தவறு.

ஓட்டை தவறு என்றால் பழைய ஓட்டையை மரத்தூளும் எப்பொக்சியும் கலந்து நிரப்பி, காய்ந்தபின் புதிதாக வெட்ட வேண்டும். தகரத்தில் கைவைக்க வேண்டாம்.

ஒரு யோசனையும் உண்டு. ஹார்ட்போர்டையே விட்டுவிட்டு 3 மில்லிமீற்றர் பீவீசி ஃபோம் போர்டில் வெட்டினால் ஈரப் பிரச்சினையே கிடையாது. விளம்பரப் பலகை செய்கிறவர்களிடம் கிடைக்கும்.

---

பண்டாரவளை_குஷன்

பீவீசி போர்டை நான் ஏற்கவில்லை. ஈரம் ஏறாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பலகை உள்ளே நுரை. கிளிப் பிடிக்கிற சாவித்துவார ஓட்டையின் ஓரம் இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டினால் நசுங்கிவிடும். வெயிலில் நின்றால் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் அலை அலையாக எழும். தட்டையாகக் கிடக்கிற இடத்துக்குச் சரி, தினமும் இழுத்து அடிக்கிற கதவுக்குச் சரியில்லை.

ஹார்ட்போர்ட் நன்றாக மூடப்பட்டிருந்தால் நீண்ட காலம் நிற்கும். ஈரம் முகத்தால் ஏறுவதில்லை. வெட்டிய ஓரத்தாலும் ஓட்டையின் உள் சுவராலும்தான் ஏறுகிறது. சரியான முறை, ரெக்ஸின் ஒட்டும் முன்னரே அட்டை முழுக்க இரண்டு பூச்சு வார்னிஷ். உங்களுடையது ஏற்கெனவே மூடி வந்துவிட்டது. பரவாயில்லை, சின்னத் தூரிகையால் பின்பக்கம் முழுதும், ஒவ்வொரு கிளிப் ஓட்டையின் உள் ஓரமும், கைபிடி ஓட்டைகளின் ஓரமும் பொலியூரத்தேன் வார்னிஷ் பூசுங்கள். முதல் பூச்சில் கொஞ்சம் தின்னர் கலந்தால் உள்ளே ஊறும், இரண்டாவது பூச்சு மேலே நிற்கும். கீழ் ஓரத்துக்கு மூன்றாவது பூச்சு. தின்னர் ரெக்ஸின் முகத்தில் படக்கூடாது. இரண்டு நாள் காய வேண்டும், நம் பக்கத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டித் தம்பி சொன்ன மூலை மடிப்பு விஷயம் முழுக்கச் சரி.

இனி கதவு அட்டையைப் பூட்டுவது. கிளிப்பை எண்ணி, ஒரு கதவுக்கு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்குவதானால் தகரத்து ஓட்டையின் விட்டத்தை வேர்னியரால் அளந்து கொண்டு போங்கள். பழைய கிளிப்பை மட்டும் காட்டினால், அது நசுங்கிய அளவுக்குத்தான் கொடுப்பார்கள். ஜப்பான் வண்டிகளின் பிளாஸ்டிக் கிளிப் தலை தடிப்பானது, அட்டையைத் தகரத்திலிருந்து தள்ளி நிறுத்தும்.

எல்லாக் கிளிப்பையும் கண்ணால் நேர் பார்த்து, மேலே ஒரு மூலையில் தொடங்கி, கிளிப்புக்கு நேர் மேலே உள்ளங்கையால் தட்டுங்கள். நடு அட்டையில் தட்டினால் கிளிப் சாய்ந்து கால் மடங்கும். உள்ளே போகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் கிளிப் ஓட்டைக்குள் போகவில்லை, தகரத்தில் மோதி நிற்கிறது. அப்படியே பலமாக அடித்தால் ரெக்ஸின் முகத்தில் ஒரு பரு மாதிரிப் புடைப்பு வரும், அது போகாது.

கழற்றும்போது இதற்கு எதிர்: இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் சுற்றிய அகலமான தகட்டைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து நெம்ப வேண்டும்.

---

கண்டி_ஸ்பிட்ஃபயர்

போர்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே, கதவுக்கு ஹார்ட்போர்டே இருக்கட்டும். கால்மாட்டுப் பக்க அட்டைக்கு, அங்கே கிளிப் இல்லாமல் ஸ்குருதான் என்பதால், பீவீசி போர்டு நல்லது என்றுதான் இன்னமும் சொல்வேன். தண்ணீர் முதலில் தொடுகிற இடம் அது.

கண்ணாடி ஏற்றும் கைபிடி பற்றி: ரெக்ஸினில் ஓட்டையை முன்கூட்டியே வெட்டாதீர்கள். அட்டை உட்கார்ந்தபின் விரலால் தடவித் தண்டு இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, பிளேடால் பெருக்கல் குறி மாதிரிச் சின்னதாகக் கீறி, தண்டை வெளியே விடுங்கள். அடியில் வரும் வட்ட மூடியைவிடக் கீறல் சிறிதாக இருக்க வேண்டும். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கதவிலும் கைபிடி ஒரே கோணத்தில் வரும்படி பூட்டுங்கள்.

எம்ஜிபியில் அது நடுவில் ஒரு ஸ்குரு, சுலபம். ட்ரையம்ஃப் கார்களான ஸ்பிட்ஃபயர், ஹெரல்ட் வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பழைய ட்ரையம்ஃபில் கைபிடியைக் குறுக்கே ஒரு ஊசி பிடித்திருக்கும், அதை மறைத்து ஸ்பிரிங்கின் மேல் வட்ட மூடி நிற்கும். மூடியை அட்டைப் பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் ஊசியின் ஓட்டை தெரியும். இரண்டு கை போதாது. ஓர் அங்குல அகலத் தகட்டில் யூ வடிவம் வெட்டி, அதால் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசியின் நுனியில் கட்டியான கிரீஸ் வைத்து, வளைத்த கம்பியின் முனையில் ஒட்டிக்கொண்டு போனால் நேராக ஓட்டைக்குள் போகும். அட்டையும் ரெக்ஸினும் புதிது, ஸ்பொன்ஞும் தடிப்பாகப் போட்டிருந்தால் மூடி போதிய அளவு உள்ளே போகாது. அந்த இடத்தில் மட்டும் ரெக்ஸினுக்குப் பின்னால் உள்ள ஸ்பொன்ஞை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஸ்குருக்கள் பற்றி ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் தலை பொசிட்ரைவ், ஃபிலிப்ஸ் இல்லை. பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும், ஃபிலிப்ஸ் முனை போட்டால் நழுவித் தலை தின்னும், நழுவுகிற முனை நேரே ரெக்ஸினுக்குள் போகும். மின் ஸ்குருடிரைவரைத் தொடவே வேண்டாம்.

---

மஸ்கெலியா_தகரம்

காபட் பற்றி யாரும் எழுதவில்லை.

சணல் ஃபெல்ட் வேண்டவே வேண்டாம். அது பஞ்சு மாதிரி, ஒரு முறை நனைந்தால் மே முதல் செப்டெம்பர் வரை காயாது, அடியில் தகரம் அழுகும். ஈரம் குடிக்காத மூடிய நுரை விரிப்பு, 5 அல்லது 6 மில்லிமீற்றர் போதும். அதைவிடத் தடித்தால் படித் தகடும் சீட் தண்டவாளமும் உட்காராது.

வரிசை: முதலில் கியர்பொக்ஸ் மேட்டுக் காபட், பிறகு முன் தடுப்புச் சுவர், பிறகு உள் சில் (கதவுக்கு அடியில் வரும் படிப் பெட்டி) இரண்டும், பிறகு பின்தட்டு, சக்கர வளைவு. தரைக் காபட் கடைசி. தரைக் காபட்டை ஒட்டவே கூடாது, அமுக்குப் பட்டன் போட்டு, தூக்கிக் காயப் போடுகிற மாதிரி வையுங்கள். பெற்றரி மூடிக்கு மேல் வருகிற துண்டும் அப்படித்தான். உங்கள் 71இல் ஆறு வோல்ட் பெற்றரி இரண்டு அதற்கு அடியில் இருக்கும், தண்ணீர் பார்க்க அடிக்கடி திறக்க வேண்டும்.

சக்கர வளைவுத் துணியை ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் கட்டாயம். வளைவின் உச்சியில் ஒரு கை அகலம் மட்டும் ஒட்டி, அங்கிருந்து இரு பக்கமும் இறங்குங்கள். மீதி இடத்தில் பொலித்தீன் தாளை நடுவில் வைத்து, ஒட்ட ஒட்ட உருவி எடுங்கள். இல்லாவிட்டால் கம் கம்மைப் பார்த்த இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

பெல்ட் போல்ட், சீட் போல்ட் ஓட்டைகளை ஒட்டுவதற்கு முன்னால் குறியுங்கள். போல்டின் தலையை வெட்டி, நுனியைக் கூராக்கி, ஓட்டையில் திருகி வைத்துவிட்டுக் காபட்டை அழுத்தினால் அதுவே இடத்தைக் காட்டும். ஓட்டையை ட்ரில்லால் போடாதீர்கள். ட்ரில் முனையில் ஒரு இழை சிக்கினால் காபட்டின் குறுக்கே ஒரு வரியாக நூலை உருவி எடுத்துவிடும், அதைத் திருத்த வழி இல்லை. பழைய சோல்டரிங் அயனைச் சூடாக்கி உருக்கி ஓட்டை போடுங்கள். ஓரமும் உருகி இறுகிவிடும், நூல் பிரியாது. அசல் கம்பளி என்றால் உருகாது, தோல் குத்தும் பஞ்ச்தான்.

பெல்ட் போல்ட் 7/16 அங்குலம், யூஎன்எஃப் நுண்புரி, அங்குலத்துக்கு 20 புரி. காபட் ஏறும் முன் அந்தப் புரிக்குள் உள்ள பெயின்டைச் சரியான டாப் (புரி வெட்டும் கருவி) போட்டு எடுத்துவிடுங்கள். மீற்றர் அளவுப் போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகும், போதும் என்று தோன்றும். அது உயிரைப் பிடிக்கிற போல்ட், அதில் போதும் என்பது கிடையாது.

---

பண்டாரவளை_குஷன்

மஸ்கெலியாக்காரர் சொன்ன வரிசை சரி. அதனோடு சீட்டைச் சேர்க்கிறேன்.

எம்ஜிபி சீட் தண்டவாளத்துக்கு அடியில் மரச் சட்டம் வரும், போல்ட் போகிற இடத்தில் இரும்புக் குழாய்த் துண்டு வரும். இரண்டையும் தவறவிடுகிறவர்கள் நிறைய. மரம் பழையது ஊறியிருந்தால் திரும்பப் போடாதீர்கள். நன்றாகக் காய்ந்த தேக்கில் அதே தடிப்புக்கு அறுத்து, வார்னிஷில் ஊறவைத்து, வெட்டு முனைக்கு இரண்டு பூச்சு அதிகம் கொடுங்கள். குழாய்த் துண்டு இல்லாமல் போல்டை இறுக்கினால் மரம் நசுங்கும், ஒரு மாதத்தில் போல்ட் தளரும், சீட் ஆடும். இறுக்கவும் இறுக்கவும் தரைத் தகரம் மேலே இழுபடும்.

நட் தரைக்கு அடியில் பற்றவைத்தது. அது கழன்று சுற்றத் தொடங்கினால் காபட்டை மறுபடி கிளப்ப வேண்டியதுதான். அதனால் எல்லாப் போல்டையும் முதலில் விரலால் நான்கு சுற்றாவது ஏற்றுங்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட் இரண்டு, முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ட் இரண்டு. நான்கும் ஏறியபின் சீட் இலகுவாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். தண்டவாளம் இரண்டும் சமாந்தரமாக இல்லாவிட்டால் நடுவில் சிக்கும்.

உறை போடுவது: 15 பாகைக் குளிரில் ரெக்ஸின் பலகை மாதிரி நிற்கும். இழுத்தால் தையலின் ஊசி ஓட்டைகள் வாய் திறக்கும். உறையை உள்புறம் வெளியே திருப்பி, சூடான அறையில் ஒரு மணி நேரம் போடுங்கள், அல்லது சுடுதண்ணீர்ப் பையை உள்ளே வைத்து மடித்து வையுங்கள். ஸ்பொன்ஞின் மேல் மெல்லிய பொலித்தீன் போர்த்தி உறையை இறக்கினால் வழுக்கிக்கொண்டு போகும். உறை உட்கார்ந்தபின் அந்தப் பொலித்தீனை உருவி எடுத்துவிடுங்கள், ஈரப் பக்கத்தில் அதை உள்ளே விடக்கூடாது. முதலில் முன் மூலைகள் இரண்டும், பிறகு பின் மூலைகள், கடைசியாகப் பக்கங்கள். பைப்பிங் கோடு சட்டத்தின் விளிம்பில் நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொரு வளையம் போடும்போதும் எழுந்து நின்று பாருங்கள்.

உறை தைத்த நூலைத் தொட்டுப் பாருங்கள். பருத்தி நூலாக இருந்தால் திருப்பிக் கொடுத்து, பொலியெஸ்டர் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி தண்ணீரைத் தையல் வழியே உறிஞ்சி ஸ்பொன்ஞுக்குக் கொண்டுபோகும், பிறகு அதுவே அழுகும்.

---

கொட்டகலை_71

நூல் பொலியெஸ்டர்தான், நுனியை எரித்துப் பார்த்தேன், உருண்டையாக உருகியது. மூலை மடிப்பை வெட்டியதும் நான்கில் மூன்று கிளிப் நேராகிவிட்டன. நான்காவதற்கு எப்பொக்சி.

ஓரத்து இறப்பர் பட்டியைச் சும்மா வைத்துப் பார்த்தேன். கதவு சாத்தவே வரவில்லை, பலமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

---

நானுஓயா_பனி

அடித்துச் சாத்தாதீர்கள், புது அட்டையின் கிளிப் எல்லாம் கழலும்.

பட்டியின் உள்ளே உள்ள இரும்புக் கவ்வி முழுக்க உட்காரவில்லை என்றால் இப்படி வரும். மூலையில் பட்டியை இழுத்து வளைத்தால் கவ்வி விரிந்து எழும்பி நிற்கும். சில்லின் நடுவில் தொடங்கி, மூலைகளில் இழுக்காமல், கொஞ்சம் தள்ளிக் கொடுத்தபடியே வளைத்து, இறப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள்.  பக்க அட்டை, சில் காபட் இரண்டின் ஓரமும் பட்டியின் கவ்விக்குள் போக வேண்டும். ஆகவே பட்டி அவற்றுக்குப் பிறகுதான். காபட்டின் ஓரம் தடிப்பாக இருந்தால் கவ்விக்குள் போகிற அளவுக்கு மட்டும் மயிரைக் கத்தரித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால் தூணில் உள்ள பூட்டுக் கொளுவியைத் தளர்த்தி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெளியே நகர்த்துங்கள். பழைய இடத்தைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் பட்டி அமுங்கும், அப்போது திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் கதவு ஆடும், மழையும் வரும்.

காலம் பற்றியும் ஒரு சொல். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் ஒட்டு வேலைக்கு பெப்ரவரி, மார்ச் நல்லது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஊவாத் தேயிலைக்குக் காய்ந்த காற்று வீசுகிற ஜூலை முதல் செப்டெம்பர் வரை. நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பார்க்க ஏப்ரலில் வண்டியை ஏற்ற வேண்டும் என்று கடைசி வாரத்தில் கம் பூசுகிறவர்கள் ஏராளம். அந்த மாதம் பின்னேர மழை தவறாது. மார்ச் நடுவோடு கம் வேலை முடிந்திருக்க வேண்டும்.

---

கொட்டகலை_71

பட்டி இப்போது உட்கார்ந்துவிட்டது, கொளுவியை இரண்டு மில்லிமீற்றர் நகர்த்தினேன், கதவு ஒரு விரலில் சாத்துகிறது. கடைசியாக ஒன்று: சில் மேல் வருகிற படித் தகட்டுக்கு ஸ்குரு ஓட்டை புதிதாகப் போட வேண்டும். அப்படியே போட்டுவிடலாமா?

---

மஸ்கெலியா_தகரம்

அந்த ஓட்டை சில் பெட்டிக்குள் திறக்கிறது. நனைந்த சப்பாத்திலிருந்து வடிகிற தண்ணீர் ஸ்குரு வழியாக உள்ளே போனால், அடித்த பெயின்ட் எல்லாம் வீண்.

ஓட்டையை ஸ்குருவின் அளவைவிட ஒரு படி சிறிதாகப் போடுங்கள். ட்ரில்லில் எட்டு மில்லிமீற்றருக்கு மேல் முனை வெளியே தெரியாதபடி ஒட்டுத்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். தகரத்தூளைக் காந்தத்தால் எடுத்து, ஓட்டையின் ஓரத்துக்கு ஈர்க்குச்சி நுனியால் துத்தநாகப் பிரைமர் வைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு சில்லுக்குள் ஊற்றுகிற மெழுகை ஓட்டையில் ஒரு சொட்டு, ஸ்குருப் புரியில் ஒரு சொட்டு. தகட்டுக்கு அடியில் நீளத்துக்கும் மெல்லிதாக ஒரு பியூட்டைல் பட்டி. ஸ்குரு துருப்பிடிக்காத எஃகு, அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடு ஸ்குருவை முதலில், முனைகளைக் கடைசியில் இறுக்குங்கள். முனையை முதலில் இறுக்கினால் தகடு நடுவில் வில்லாக எழும்.